இருவர் மட்டும்

ஜூன் 7, சனி

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இது அவர் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தது. ஜூன் வரை ஒரு பக்கத்தில் கேஸ் புக் பண்ணிய தேதி, இன்னொரு பக்கத்தில் பால்காரர் போன் நம்பர், அவ்வளவுதான் இருந்தது. இன்றைக்கு ஏதாவது எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் தெருவில் இறங்கிக் கத்திவிடுவேன்!

முதல் பக்கத்தில் கேட்டிருந்ததையெல்லாம் பூர்த்தி செய்தேன். பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தைந்து. வேலை: ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் டைப்பிங். கணவர் கதிரேசன், பம்பு கம்பெனியில் ஃபிட்டர். ஊர் கோயம்புத்தூர். அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நபர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, அத்தை பெயரை எழுதினேன்.

எதற்கு இந்தக் குதியாட்டம் என்று எழுத மாட்டேன். இதற்கு முன் இரண்டு தடவை அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. டைரியாக இருந்தாலும் சரி.

அவர் ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டு நாலு மணிக்கே வந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகப் பாத்திரம் தேய்த்தார். ஒரு டம்ளர் உடைந்தது. போகட்டும்!

ஜூன் 10, செவ்வாய்

காங்கேயத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே அத்தை வந்து இறங்கிவிட்டார். என் மாமியார் மாராத்தாளுக்குச் சுமை என்றால் சுமை: முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, ஒரு சாக்கு தேங்காய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டம் போட்டார்.

"இனிக் குடத்தத் தொட்டயின்னா கைய ஒடிச்சுப்போடுவேன் கண்ணு. கோலங்கூட நீ போட வேண்டாம்."

மாடியில் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையைத்தான் விட்டார், பழக்கத்தை விடவில்லை. காலை ஆறு பத்துக்கு மோட்டார் ஆன், ஆறு முப்பத்தைந்துக்கு ஆஃப். இரவு ஒன்பதரைக்கு கேட்டுக்குப் பூட்டு. அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி வந்த நேரம் குறிக்கிறாராக்கும்.

பார்த்தால் பார்க்கட்டும். ஒன்பது வருஷத்தில் இது எங்களுக்கு ஐந்தாவது வீடு, ஆனால் முதல் கீழ்வீடு. மற்ற நாலும் மாடி. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "வீடு மாடியா, கீழயா? படி ஏறுவீங்களா?" என்பதுதான். கீழேதான் என்று சொன்னபோது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. இந்த வீட்டை விட்டு இப்போதைக்கு நகரக் கூடாது என்றும் சொன்னார். சாமான் தூக்குவது, லாரியில் ஏற்றுவது, எதுவும் ஆகாதாம். அத்தையும் அதையேதான் சொல்கிறார், வேறு காரணத்துக்காக. இந்த நேரத்தில் வீடு மாறவே கூடாதாம். நாலாவது வீட்டுக்கு மாறியபோது நடந்ததை அவர் மறக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 13, வெள்ளி

கடையில் டோனர் வாசம் குடலைப் பிரட்டுகிறது. முதலாளி ஜெபராஜ் அண்ணன் கேட்டதற்கு, காலையில் தின்ற பரோட்டா என்று சொன்னேன். நான் பரோட்டா தின்று இரண்டு வாரம் ஆகிறது.

ஜூன் 20, வெள்ளி

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை!

சாயங்காலம் ஆறேகாலுக்கு நாச்சிமுத்து கீழே இறங்கி வந்தார். கையில் வாடகை ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங் அம்மணி, வூட்ல ஆளு கூடிப்போச்சாட்டம் இருக்குது?"

"அத்தைங்க. ஊர்ல இருந்து வந்திருக்காங்க."

"வந்து பத்து நாளாச்சுங்க. பத்தாந்தேதி காலைல எட்டு இருவதுக்கு வந்தாங்க. விருந்தாளின்னா மூணு நாளுங்க. இதுல என்ன போட்டிருக்குது பாருங்க." விரலை வைத்துக் காட்டினார். குடியிருப்போர்: கணவன், மனைவி, இருவர் மட்டும்.

"ரெண்டு பேத்துக்குப் பேசுன வாடகைங்க அது. இப்ப மூணு பேரு. தண்ணி, மோட்டாரு, கரண்டு எல்லாந்தான் கூடுது. வர்ற மாசத்துல இருந்து ஆயிரத்தைநூறு சேத்திக் குடுத்துருங்க. இல்லீனா ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள வூட்ட ஒழிச்சுக் குடுத்துருங்க."

தை மாதம் போட்ட ஒப்பந்தம். பதினோரு மாதம், டிசம்பர் கடைசி வரை. நட்டநடுவில் வந்து ஏற்றுகிறாராம்!

"அத்தை எதுக்கு வந்திருக்காங்கன்னா..." என்று ஆரம்பித்துவிட்டேன். உள்ளேயிருந்து அத்தை செருமினார். வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் வாயடைத்துப் போவார். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. என் கொடுமையை யாரிடம் சொல்வேன்!

"எதுக்கு வந்திருக்காங்கங்க?" என்றார்.

"சும்மாதானுங்க" என்றேன்.

ஜூன் 21, சனி

ஜெபராஜ் அண்ணனிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். இருபது வருஷமாக ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கடை வைத்திருப்பவர், பாதி வக்கீல்.

"ஏம்மா, காலம் முடியறதுக்குள்ள வாடகைய ஏத்தலாம்னு இதுல எங்கயும் எழுதல. எழுதாம ஏத்த முடியாது. நீ பழைய வாடகையவே குடு."

எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் அதை ஒடித்தார்.

"ஆனா இந்த 'இருவர் மட்டும்' இருக்கு பாரு, அத வெச்சு ஒப்பந்தத்த மீறிட்டாங்கன்னு காலி பண்ணச் சொல்லலாம். கோர்ட்டு கேஸுன்னு போனா நிக்குமோ நிக்காதோ, ஆனா இழுத்தடிப்பாரு. இத எதுக்கும்மா போட்டீங்க? வழக்கமா இப்படி வராதே?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஒருவரின் ஆதார் கார்டை வாங்கி ஜெராக்ஸ் போட ஆரம்பித்தேன்.

ஜூன் 25, புதன்

வீட்டில் சண்டை. அவர் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறார். "ஆயிரத்தைநூறுதான அம்மணி, ரெண்டு ஓவர்டைம் பாத்தாப் போச்சு. உனக்கு இப்ப டென்சன் ஆகாது."

"இன்னைக்கு ஆயிரத்தைநூறு குடுத்தா அடுத்த மாசம் மூவாயிரம் கேப்பாருங்க. எனக்குச் சண்டை போடறதுதான் நிம்மதி, உட்டுருங்க மாமா!"

அத்தை நடுவில் புகுந்தார். "நான் வேணா ஊருக்குப் போயிரட்டா?" இருவரும் ஒரே குரலில் கூடாது என்றோம். அத்தை போனால் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பது யார்? சமையலறைக் குழாயில் நூல் மாதிரிதான் வரும், எல்லாத் தண்ணீரும் பின்வாசல் தொட்டியிலிருந்து வர வேண்டும்.

ஆக, சண்டைதான். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

ஜூன் 28, சனி

மதிய இடைவேளையில் கடிதம் டைப் செய்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: ஒப்பந்தக் காலத்திற்குள் வாடகை உயர்வு கோரியது தொடர்பாக." ஆகா, பொருள் போட்டு எழுதினாலே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது! ஊராருக்கெல்லாம் மனு டைப் செய்து கொடுத்த கைக்கு இது முதல் சொந்த மனு. நாலு முறை திருத்தினேன். ஜெபராஜ் அண்ணன் பேப்பருக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பதிவுத்தபாலில் அனுப்பினேன். மாடி வீட்டுக்குத்தான். பதினேழு படி.

ஜூலை 1, செவ்வாய்

போஸ்ட்மேன் பதினொன்றரைக்கு வந்தார் என்று அத்தை சொன்னார். "மேல இருக்கறவரு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, கீழ எட்டிப் பாத்தாரு. நான் கீரை ஆஞ்சுட்டு இருந்தேன். பாக்காத மாரியே ஆஞ்சேன்."

ஜூலை 5, சனி

இன்றைய கூத்தை விரிவாக எழுத வேண்டும்.

காலையில் பழைய வாடகையைக் கொண்டுபோய்க் கொடுக்க அவர் மேலே போனார். "முழுசாக் குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார் நாச்சிமுத்து. நான் சும்மா இருப்பேனா? ஒப்பந்தத்திலேயே அவருடைய வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. போனிலிருந்து அனுப்பினேன். அனுப்பிய அடுத்த நொடி மாடியில் 'டிங்' என்று கேட்டது! நான், அவர், அத்தை, மூவரும் மேற்கூரையைப் பார்த்தபடி நின்றோம்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

"இதென்னுங்க இது? கேக்காம அனுப்பி உட்டுட்டீங்க?"

"வாடகைங்க. அஞ்சாந்தேதிக்குள்ள குடுக்கோணும்னு போட்டிருக்குதுங்களே."

"திருப்பி அனுப்பறக்கு எனக்கு வாட்டந் தெரியலீங்க. இந்தாங்க." கையில் கட்டாக நோட்டு. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கதிரேசனிடம் நீட்டினார். அவரும் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தையைப் பார்த்தார். அத்தை கையில் மாவு என்று காட்டினார்.

நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப முப்பத்தொண்ணாந்தேதி வூட்ட ஒழிச்சுருங்க. அவ்வளவுதானுங்க."

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று அடித்தது. அவர் வீட்டு வாசலில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும். ராகுகாலம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார்.

"ஏனுங்கய்யா, முப்பத்தொண்ணுன்னா ஆடி பதினஞ்சுங்களே. ஆடியில எங்களை ஒழிக்கச் சொல்றீங்களா? ஆடியில யாரு வந்து உங்க வூட்ல பால் காச்சப்போறா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பது வருஷம் பஸ்ஸுக்கு நேரம் போட்ட மனுஷர், மாதத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார். வாய்க்குள்ளேயே நாள் எண்ணினார்.

"சரீங்க. ஆவணி ஒண்ணு. அதுக்கு மேல ஒரு நாளில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

பதினேழு நாள் சம்பாதித்துவிட்டேன்! அத்தை எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். சண்டை போட்டதற்கா, மற்றதற்கா என்று கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மோட்டார் இப்போது பத்து நிமிடம்தான் ஓடுகிறது. ஆறு பத்து முதல் ஆறு இருபது. தொட்டியில் கால் பங்குகூட நிறைவதில்லை. பழிவாங்குகிறாராம்!

ஜூலை 13, ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார், கதிரேசன் கறி வாங்கப் போயிருந்தார். மோட்டார் நின்றுவிட்டது. மேலே பார்த்து நாலு வார்த்தை கத்தினேன். கத்திய வேகத்தில் அடித்தொட்டித் தண்ணீரை மொண்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். புத்தி கெட்டவள். புத்தி கெட்டவள்.

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரி.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இரண்டு வாரம் படுத்தே இருக்க வேண்டும், கடைக்குப் போகக் கூடாது. நேற்று ஆட்டோவில் போனபோது என் வாழ்நாளில் இல்லாத பயம் பயந்தேன். ஆயிரத்தைநூறு என்ன, பத்தாயிரம் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன் என்று எல்லாச் சாமியிடமும் சொன்னேன். இன்று சரி என்றதும் மறுபடி கொடுக்க மனசில்லை. என் குணம் அப்படி.

ஜூலை 16, புதன்

நாச்சிமுத்துவின் மனைவி சுலோசனாம்மா வந்தார். மாடியிலிருந்து நாங்கள் ஆட்டோவில் ஏறியதைப் பார்த்தாராம். கட்டிலில் நான் காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துப் படுத்திருந்தேன்.

"என்னுங் அம்மணி, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"வயித்துப்போக்குங்கம்மா" என்றேன். சட்டென்று வந்த பொய், நல்ல பொய்.

அவர் மேஜை மேல் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தார்.

"அப்புடீங்களா. வயித்துப்போக்குக்குப் பப்பாளி ஆகாதுங்க. அன்னாசிப் பழமும் தின்றாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வயிற்றுப்போக்குக்கும் அன்னாசிக்கும் என்ன சம்பந்தமோ! வயதானவர், ஏதோ சொல்கிறார். சமாளித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

வெற்றி! மோட்டார் இன்று நாற்பது நிமிடம் ஓடியது! தொட்டி வழிந்து வாசல்வரை தண்ணீர். கடிதம் வேலை செய்கிறது! மூன்றாவது பத்தியில் "அடிப்படை வசதிகளைக் குறைப்பது சட்டப்படி தவறு" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அதை இப்போதுதான் படித்திருப்பார்போல. மாடியில் சுலோசனாம்மா குரல் உரக்கக் கேட்டது. என்ன சண்டையோ, நமக்கெதற்கு.

ஜூலை 22, செவ்வாய்

சுலோசனாம்மா ராகிக்கூழ் கொடுத்தனுப்பினார். ஆடிக்கு எல்லோருக்கும் கொடுப்பார்கள்போல.

ஜூலை 28, திங்கள்

ஸ்கேன். பார்த்தோம். கேட்டோம். கதிரேசன் அழுதார். நான் அழவில்லை.

பொய். நான்தான் முதலில் அழுதேன். பிப்ரவரி முதல் வாரம் என்று தேதி கொடுத்தார்கள். இனிக் கடைக்குப் போகலாம், மெதுவாக நடக்கலாம், இட்லி ஆறு தின்னலாம்! வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அத்தை ஆடிப்பெருக்கு கழியட்டும் என்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

அத்தை புளிசாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் என்று ஒரு கல்யாணத்துக்குச் சமைத்தார். மாடிக்கும் தூக்குப்போசியில் போனது. சாயங்காலம் ஊருக்குக் கிளம்பினார். காட்டில் விதைப்பு இருக்கிறது, ஆடு மேய்க்க ஆளில்லை. "ஆவணி கடைசில வந்துருவேன் கண்ணு. இனிச் சொல்லலாம், வேண்டியவங்களுக்கு மட்டும்." பஸ் ஏறும்வரை அழக் கூடாது என்றிருந்தேன், முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை செவ்வாய், காசு வெளியே போகக் கூடாது என்பதால் இன்றே வாடகையை எடுத்து வைத்திருந்தோம். நான் கடையிலிருந்து வந்ததும் நாச்சிமுத்துவே இறங்கி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"உங்க அத்தை நேத்து நாலே முக்காலுக்குப் போயிட்டாங்களாட்டம்."

"ஆமாங்க."

"அப்பச் செரீங்க. ஆளு ரெண்டாயிருச்சு. இனிப் பழைய வாடகையே போதுங்க. ஆவணிக்கு ஒழிக்கவும் வேண்டாம். வந்தவங்க மறுக்கா வந்தா மூணு நாளுக்கு மேல வேண்டாம், அவ்வளவுதான்."

இதற்காகத்தானே ஆறு வாரம் மல்லுக்கட்டினேன்! ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு பழைய வாடகையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் 'ஆளு ரெண்டு' என்று சொன்னதும் எனக்குள் என்னவோ பொங்கிவிட்டது. அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பீரோவைத் திறந்தேன், ஆயிரத்தைநூறு எடுத்தேன், வாடகையோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தேன்.

"கணக்குத் தப்புங்க. மூணு பேருங்க."

"உங்க அத்தை கெளம்பிப் போனத நானே பாத்தனுங்களே?"

"அத்தைக்கு ஒரு பைசா தர மாட்டனுங்க. இது வேற ஆளு."

"வேற யாருங்க? நான் பாக்கவே இல்லியே!" அறையைச் சுற்றிலும் பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார். கதிரேசன் சுவரில் சாய்ந்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

படியிலிருந்து சுலோசனாம்மா குரல் வந்தது. "அட, ஏனுங்க! அந்தப் புள்ளைக்கு மூணு மாசமுங்க. ஆளு எங்கீன்னு தேடிட்டு நிக்கறீங்க!"

அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது. பப்பாளி, அன்னாசி, கூழ், மோட்டார். மோட்டாரை என் மூன்றாவது பத்தி ஓட்டவில்லை! அந்தம்மா இத்தனை நாளும் தெரிந்தும் புருஷனிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். வெட்கமாகவும் இருந்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

நாச்சிமுத்து பத்து நிமிட மோட்டாரை நினைத்தாரோ என்னவோ. ஆயிரத்தைநூறைத் தனியாகப் பிரித்து, என் பக்கம் தள்ளினார்.

"வயித்துல இருக்கறதுக்கு வாடகை வாங்குனா நான் உருப்படுவனாங்க? எடுத்து வைங்க. எப்பங்க டைம்?"

"பிப்ரவரிங்க. மொத வாரம்."

விரல் விட்டு எண்ணினார். "அக்ரிமென்ட் டிசம்பரோட முடியுதுங்களே."

அந்தக் கணக்கை இந்த இரண்டு மாதமும் நான் இந்த டைரியில் எழுதவே இல்லை. ஆனால் ஒரு நாள்கூட அதை நினைக்காமல் தூங்கியதில்லை. நிறைமாதத்தில் வீடு தேட வேண்டுமே என்று.

"புதுசா ஒண்ணு டைப் பண்ணீட்டு வந்துருங்க அம்மணி" என்றார். "இன்னைல இருந்து பதினோரு மாசம். பழைய வாடகைதான். உங்க கைலயே பண்ணுங்க, வெளிய குடுத்துக் காசு அழிக்காதீங்க. ஆனா ஒண்ணு, இருக்கறவங்களை மட்டும் செரியாப் போடுங்க. போன தடவையாட்டம் எனக்குத் தகராறு வேண்டாம்."

போன தடவை. அதை இங்கே எழுதிவிடுகிறேன், ஜெபராஜ் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. கடை கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரியில் அந்த வரி 'கணவன், மனைவி, குழந்தைகள்' என்றுதான் வரும். யாருக்கும் நாங்கள் அதைத் தொடுவதில்லை. தை மாதம் எங்கள் ஒப்பந்தத்தை டைப் செய்தபோது, அந்தக் கடைசி வார்த்தையில் கர்சரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது எங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருப்பதைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அழித்துவிட்டு 'இருவர் மட்டும்' என்று நானேதான் அடித்தேன். நாச்சிமுத்து கேட்கவே இல்லை.

நாளைக் காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும். மாதிரியை எடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றப் போகிறேன்.